குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை: எட்டு மாதமாக எங்கள் வீட்டில்

நாங்கள் கொழிஞ்சாம்பாறை. சுற்றிலும் தென்னந்தோப்பு, கள் இறக்குகிற ஊர், இங்கே ஒரு மனுஷன் குடியை விடுவது எவ்வளவு பாடு என்று சித்தூர் தாலுகாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே’ என்று சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு, ஒரு பொடி வாங்கி வீட்டுக்காரருக்கு ரசத்தில் கலந்து கொடுத்தேன். குடி குறையவில்லை. காசு போனதுகூடப் பரவாயில்லை, விஷயம் தெரிந்த பிறகு ஒரு மாதம் அவர் என் கையால் சாப்பிடவே இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். டைசல்ஃபிராம் மாதிரி, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்தை ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம்தான் பாலக்காட்டில் டாக்டரிடம் போனோம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகுமாம், அதனால் சில நாள் படுக்கவைத்து அதற்கு மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து, கல்லீரல் டெஸ்ட்டும் பார்த்துவிட்டுத்தான் இந்த நால்ட்ரெக்ஸோன் மாத்திரை கொடுத்தார். 50 மில்லிகிராம், தினம் ஒன்று.

முதல் வாரம் குமட்டல், இட்லி சாப்பிட்ட பிறகு போட்டதும் குறைந்தது. மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் கள் குடித்துவிட்டார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ராத்திரி வந்து, “குடிச்சேன் புள்ள, ஆனா ஒண்ணும் சொகமில்ல, பாதியில வெச்சுட்டு வந்துட்டேன்” என்றார். குடித்தால் வருகிற அந்தச் சுகத்தை மூளையில் மட்டுப்படுத்துவதுதான் இதன் வேலை என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது.

கல்லீரல் மோசமாக இருந்த பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இதற்குப் பதிலாக அகாம்ப்ரோசேட் என்கிற வேறு மாத்திரை கொடுத்தார்கள். 333 மில்லிகிராம், வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். மத்தியான வேளை மறந்துபோகிறது என்று அவர் மனைவி அழுதார்.

ஒன்று முக்கியம்: நால்ட்ரெக்ஸோன் போடுகிறவர்கள் ட்ராமடால் மாதிரி அபின் வகை (ஓபியாய்டு) வலி மாத்திரை போடக்கூடாது. இவர் சட்டைப் பையில் மாத்திரை பெயரை எழுதி வைத்திருக்கிறேன், அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெரியட்டும் என்று.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது, எங்கள் ஊர் மருந்துக்கடையில் பல நாள் கிடைப்பதில்லை என்பதற்காக. ஓணத்துக்கு முன்னாலேயே இரண்டு அட்டை சேர்த்து வாங்கி வைத்துவிட்டேன்.