ஐம்பது கிராம் ஹெட்லாம்ப்: மலையில் இரண்டு மூன்று சீசன் ஓடிய பிறகு என்ன தெரிகிறது

புதிதாக ஹெட்லாம்ப் வாங்குபவர் பெட்டியில் முதலில் தேடுவது லூமன், அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. அதையே நெற்றியில் கட்டிக்கொண்டு சில சீசன் மலையேறியவர் கேட்பது வேறு. ஆகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு? இருட்டில் அதை ஒரே அழுத்தில் போட முடியுமா? பைக்குள் தானாக எரியுமா? கையில் இருக்கும் எந்த சி டைப் கேபிளிலும் சார்ஜ் ஏறுமா? பணத்தையும் எடையையும் மிச்சப்படுத்துவது இந்த நான்கும்தான். லூமன் ஐந்தாவது இடத்தில் இருந்தாலே போதும்.

இங்கே பேசுவது 35 முதல் 90 கிராம் வரையிலான, ரீசார்ஜ் செய்யும் வகைகளைப் பற்றி. குகைக்குள் இறங்குபவர்களுக்கும் இரவு முழுக்க மலையில் ஓடுபவர்களுக்கும் தேவையே வேறு. அதை இதில் கலக்கவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லித்தியம் செல்லின் சராசரி வோல்ட்டேஜ் 3.7. 650 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள செல் என்றால் உள்ளே இருப்பது 2.4 வாட்-மணி. லென்ஸிலும் எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டிலும் ஏற்படும் இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டால், மொத்தக் கையிருப்பு 240 லூமன்-மணி. 40 லூமனில் ஆறு மணி நேரம் எரியலாம், 400 லூமனில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. இதே கணக்கை ‘1200 எம்ஏஎச், 1000 லூமன், 10 மணி நேரம்’ என்று அச்சடித்த மலிவு லாம்ப்புக்குப் போட்டுப் பாருங்கள். 4.4 வாட்-மணியை வைத்துக்கொண்டு 1000 லூமனில் அரை மணி நேரம் எரிந்தாலே அதிகம். பத்து மணி நேரம் ஓட வேண்டுமானால் 44 லூமன்தான் கிடைக்கும். வெளிச்சத்தை ஒரு மோடிலிருந்தும் நேரத்தை இன்னொரு மோடிலிருந்தும் எடுத்து ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நல்ல கம்பெனிகள் சொல்லும் எண்ணுக்கும் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையைப் பின்பற்றுகிறார்கள். அதில் லூமனை அளப்பது விளக்கைப் போட்டு 30 வினாடி கழித்து. எரியும் நேரம் என்பது அந்த ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். ஆகவே ‘400 லூமன், 3 மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் மூன்று மணி நேரமும் 400 கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 30 கிராம் பிளாஸ்டிக் உடலால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாது. சில நிமிடங்களிலேயே வெளிச்சத்தைத் தானாக இறக்கிவிடும், மீதி நேரமெல்லாம் மங்கிய வெளிச்சம்தான். போதாததற்கு, லூமன் இரண்டு மடங்கானால் வெளிச்சம் எட்டும் தூரம் இரண்டு மடங்காகாது, 1.4 மடங்குதான் கூடும். 200-லிருந்து 400-க்குத் தாவ ஆகும் செலவோடு ஒப்பிட்டால் லாபம் சொற்பம்.

உண்மையில் எவ்வளவு தேவை? கூடாரத்துக்குள் 3 முதல் 5 லூமன். சமைக்க 15, 20. தெளிவான பாதையில் நடக்க 30 முதல் 50. ஓடையைக் கடக்கும்போதோ, தவறிப்போன பாதையின் அடையாளத்தைத் தேடும்போதோ 150, 200, அதுவும் சில வினாடிகள். முகாமில் ஒரு மாலைக்கு இதையெல்லாம் கூட்டினால் 35 லூமன்-மணிக்குள் அடங்கிவிடும். 650 எம்ஏஎச் லாம்ப் ஆறு மாலை தாங்கும்.

உச்சிக்குக் கிளம்பும் இரவில்தான் கணக்கு இடிக்கும். உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கே நடக்கத் தொடங்குவார்கள். நான்கு மணி நேரம் 40 லூமன் என்றால் 160 லூமன்-மணி. பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் செல்லின் கொள்ளளவும் கணிசமாகக் குறையும். சிறிய லாம்ப் போதும்தான், ஆனால் முந்தைய மாலையே முழுதாக ஏற்றியிருக்க வேண்டும். ‘பேட்டரி அளவில் இரண்டு புள்ளி எரிகிறது, போதும்’ என்று கிளம்பினால் பனிச்சரிவின் நடுவில் அணையும்.

இந்தக் கணக்கோடு பார்த்தால் சந்தையில் இருப்பவை மூன்று ரகம். முதலாவது, பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய இலகு ரகம். பெட்ஸலின் பிண்டி 35 கிராம், 200 லூமன், 680 எம்ஏஎச். நைட்கோரின் என்யு25 யுஎல் 45 கிராம், 400 லூமன், 650 எம்ஏஎச். முதுகுப் பையோடு வாரக்கணக்கில் நடப்பவர்கள் பலர் வந்து நிற்பது இந்த இரண்டில் ஒன்றில்தான். இரண்டாவது, கலப்பு ரகம். பெட்ஸல் ஆக்டிக் கோர் அதற்கு உதாரணம். 1250 எம்ஏஎச் பேட்டரியைக் கழற்றிவிட்டு மூன்று ஏஏஏ செல்லைப் போட்டும் ஓட்டலாம். எடை 90 கிராமை நெருங்கும். மூன்றாவது, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் போன்றதைக் கழற்றி மாட்டும் ரகம். வெளிச்சமும் நேரமும் தாராளம், ஆனால் செல் மட்டுமே 45 கிராமுக்கு மேல் வரும், அதாவது முழு என்யு25 யுஎல் எடை.

எது யாருக்கு? இரண்டு மூன்று நாள் நடைக்கு முதல் ரகத்துக்கு மேல் எதுவும் சுமை. மின்சாரமே இல்லாத பாதையில் ஒரு வாரத்துக்கு மேல், அதிலும் ஒரு குழுவை வழிநடத்துபவர் என்றால் கலப்பு ரகம். வழியில் இருக்கும் பெட்டிக்கடையில்கூட ஏஏஏ கிடைக்கும், அந்த நிம்மதிக்கு 40 கிராம் கொடுக்கலாம். 18650 ரகத்தை மலையேற்றத்துக்கென்று புதிதாக வாங்கச் சொல்ல மாட்டோம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சரி.

சார்ஜ் ஏறாத கதை

வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். சி டைப் போர்ட் இருப்பதாலேயே சி-டு-சி (இரு முனையும் சி டைப்) கேபிளில் சார்ஜ் ஏறிவிடாது. லாம்ப்பின் போர்ட்டுக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சார்ஜர் 5 வோல்ட்டையே திறந்துவிடும். சில பைசா மிச்சம் பிடிக்க அந்த மின்தடைகளைப் போடாமல் விட்ட லாம்ப்கள் இன்றும் விற்கின்றன. அவை ஏ-டு-சி (ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பி) கேபிளில் மட்டும் ஏறும். வீட்டில் பழைய சார்ஜரில் சோதித்தபோது நன்றாக ஏறியது, மலையில் போனின் சி-டு-சி கேபிளைச் சொருகினால் விளக்கே காட்டவில்லை என்றால் காரணம் இதுதான், லாம்ப் கெட்டுப்போகவில்லை. ஒரு ஜாண் நீள ஏ-டு-சி கேபிளைப் பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. பழைய இருப்பாக வரும் மைக்ரோ யுஎஸ்பி மாடலை, விலை பாதியானாலும், தவிர்ப்பதே நல்லது. அந்த ஒரு சாமானுக்காகத் தனிக் கேபிள் சுமக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பவர் பேங்க் செய்யும் வேலை. சின்ன லாம்ப் இழுக்கும் மின்னோட்டம் குறைவு, நிரம்பும் தறுவாயில் இன்னும் குறையும். எதுவும் சொருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் வெளியீட்டை நிறுத்திவிடும். காலையில் பார்த்தால் முக்கால்தான் ஏறியிருக்கும். பவர் பேங்க்கில் இயர்போன், வாட்ச் போன்றவற்றுக்கான குறைந்த மின்னோட்ட மோட் இருந்தால் அதைப் போடுங்கள். பலவற்றில் பட்டனை இருமுறை அழுத்தினால் வரும். இல்லையென்றால் போனையும் கூடவே சொருகிவையுங்கள். கொள்ளளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 37 வாட்-மணி இருக்கிறது, இழப்பு போக ஒரு லாம்ப் சார்ஜுக்கு மூன்று சொச்சம் வாட்-மணிதான் போகும். தின்பதெல்லாம் போன்தான்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்மின்முனைக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அப்படிப் போன கொள்ளளவு திரும்பி வராது. இரவில் லாம்ப்பையும் பவர் பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே சார்ஜ் போடுவதுதான் இமயமலையில் வழக்கம்.

லாக், பட்டன், சிவப்பு

பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோவது ஹெட்லாம்ப்களின் பரம்பரை நோய். லாக் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, லாக்கைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்றும் பாருங்கள். ஒரே பட்டனை மூன்று வினாடி அழுத்தினால் திறக்கும் என்றால், இறுகக் கட்டிய பைக்குள் கூடாரக் கம்பி ஒன்று அழுத்தினாலே திறந்துவிடும். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டியது பரவாயில்லை. லாக் இல்லாததை வைத்திருப்பவர்கள் சமையல் குவளைக்குள் போட்டுவைக்கலாம்.

பட்டன் வரிசையும் முக்கியம். தூக்கக் கலக்கத்தில் கூடாரத்துக்குள் முதல் அழுத்திலேயே 400 லூமன் வெடித்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் சும்மா விடமாட்டார். குறைந்த வெளிச்சத்தில் தொடங்குவது, அல்லது கடைசியாகப் பயன்படுத்திய மோடை நினைவில் வைத்திருப்பது நல்லது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பட்டனைத் தேடிப் பாருங்கள். உடலோடு சமமாகப் பதிந்த பட்டன் கையுறைக்குத் தட்டுப்படாது.

சிவப்பு விளக்கை நாம் ஒரு படி குறைத்தே மதிப்பிடுகிறோம். இருட்டுக்குப் பழகிய கண் அப்படியே இருக்கும், பூச்சி குறைவாக மொய்க்கும், உண்மைதான். ஆனால் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் உயரக்கோடுகள் பழுப்பு, சாலைகள் சிவப்பு. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டும் மங்கிக் காகிதத்தோடு கரைந்துவிடும். அட்டை கடித்து வழியும் ரத்தமும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் காலுறையை உருட்டி அட்டை பார்ப்பதற்குக் குறைந்த வெள்ளை வெளிச்சமே வேண்டும். ஆகவே 3, 5 லூமன் வெள்ளை இல்லாமல் சிவப்பை மட்டும் காட்டி விற்பதை எடுக்காதீர்கள்.

நம் பக்கத்து மலைகளில் யானை நடமாட்டம் காரணமாகப் பொழுது சாய்வதற்குள் நடையை முடித்துவிட வேண்டும். அங்கே லாம்ப்புக்கு முகாமிலும் அவசரத்திலும்தான் வேலை. வெள்ளியங்கிரி விதிவிலக்கு. பிப்ரவரி முதல் மே வரை இரவில்தான் கூட்டம் ஏறும். ஒழுங்கில்லாத படிகளில் எதிரே இறங்கி வருபவரின் கண்ணில் நேராக அடிக்காமல் இருக்க, தலையைத் திருப்புவதைவிட லாம்ப்பைக் கீழே சாய்ப்பது நல்லது. அதற்கு, லாம்ப்பைச் சாய்க்கும் கீல் வைத்த இடத்தில் நிற்க வேண்டும். மூடுபனி இறங்கினால் நெற்றியில் இருக்கும் விளக்கு பயன்படாது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, லாம்ப்பைக் கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்தால் படியின் விளிம்பும் அதன் நிழலும் தெரியத் தொடங்கும்.

தேய்வது எது

எல்இடி கெட்டுப்போய்ப் பார்ப்பது அபூர்வம். முதலில் தளர்வது எலாஸ்டிக் பட்டை. வியர்வை உப்பில் ஊறி, காயாமல் பையில் கிடந்து, இரண்டாவது வருடத்தில் தொளதொளத்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் லாம்ப்பைக் கழற்றிவிட்டுப் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் நீண்ட நாள் வரும். பட்டைக்குப் பதில் மெல்லிய எலாஸ்டிக் கயிறு போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இரட்டையாகச் சுற்ற ஒன்றேகால் மீட்டரும் ஒரு கயிற்றுப் பூட்டும் போதும், பத்துக் கிராமாவது குறையும், சீக்கிரம் காயும். தொப்பிமேல் கட்டுபவருக்கு அது வசதி. வெறும் நெற்றியில் ஒரு மணி நேரத்தில் தடம் பதிக்கும், ஓடினால் ஆடும்.

அடுத்தது கீல். பல்லுப் பல்லாக நகரும் பிளாஸ்டிக் தேய்ந்ததும் நடக்கும்போது லாம்ப் தானாகக் குனியும். லாம்ப்புக்கும் பிடிப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி வைத்தால் நிற்கும்.

போர்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். வியர்வையோ மழையோ உள்ளே இருக்கும்போது சார்ஜ் போட்டால், உப்பும் மின்னோட்டமும் சேர்ந்து பின்கள் பச்சை பூத்துவிடும். நீர் தாங்கும் தரத்தில் ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீருக்கு மட்டும். தென்மேற்குப் பருவமழையில் நடப்பவர் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐபிஎக்ஸ்7-ஐத் தேடலாம். ரப்பர் மூடி உள்ளதென்றால் அது கிழியாத வரைதான் அந்தத் தரம் நிற்கும். கொசு மருந்தில் டீட் இருந்தால் தடவிய விரலால் லென்ஸைத் தொடாதீர்கள். பாலிகார்பனேட்டை அது அரித்து, பால் ஊற்றியதுபோல் மங்கச் செய்துவிடும். துடைத்தால் போகாது.

கடைசியில் பேட்டரி. 300 முதல் 500 முழு சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு. சரிபார்க்க, கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவே சொருகும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி மீட்டர் போதும். லாம்ப் தானாக அணையும் வரை எரியவிட்டு, மீட்டர் வழியாக முழுதாக ஏற்றுங்கள். சின்ன லாம்ப்களில் இருப்பது பெரும்பாலும் வரும் மின்னோட்டத்தை ஏறக்குறைய அப்படியே செல்லுக்கு அனுப்பும் எளிய லீனியர் சார்ஜர் என்பதால் மீட்டர் காட்டும் எம்ஏஎச் ஏறக்குறைய செல்லுக்குள் போனதுதான். புதிதில் 650 காட்டியது 450-க்கு இறங்கிவிட்டால் உச்சி இரவுக்கு அதை நம்ப வேண்டாம், கூடாரத்துக்கோ வீட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வாரமே ஒருமுறை அளந்து எண்ணைக் குறித்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். போலி கொள்ளளவு என்றால் திருப்பி அனுப்பவும் அவகாசம் இருக்கும்.

சீசன் இல்லாத மாதங்களில் முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்காமல் பாதி சார்ஜில் வையுங்கள். அணைத்திருந்தாலும் மின்னணு சுவிட்ச் துளித்துளியாக இழுத்துக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும். விமானத்தில் போனால் லாம்ப்பை லாக் செய்து கைப்பையில் போடுங்கள். பவர் பேங்க்கும் தனிச் செல்லும் செக்-இன் பையில் கூடவே கூடாது. உபரியாக ஒன்று வேண்டுமென்றால் காசு வடிவச் சிறிய செல்லில் ஓடும் பெட்ஸல் இ+லைட் 26 கிராம். ஒட்டி மூடிய பழைய லாம்ப்பின் செல்லை மாற்ற உடலை நெம்பித் திறக்காதீர்கள், கத்தி முனை உள்ளே மெல்லிய உறையில் இருக்கும் செல்லில் பட்டால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.