கொடுவாத் தலைக்கறியும் கணவாய்க் கண்ணும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி டச்பார் பக்கம் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஓட்டோக்காரரிடம் "தலைக்கறிக் கடை" என்றால் கொண்டுபோய் விடுவார். ஐந்து மேசை, பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் கை கழுவ ஒரு வாளி. மூன்று வருடமாக ஞாயிறு மதியம் என்றால் நானும் மகளும் அங்கேதான்.

கொடுவாத் தலையை நடுவால் பிளந்து, பழப்புளி விட்டுக் கொதிக்க வைத்து, இறக்குகிற நேரத்தில்தான் முதல்பால் சேர்க்கிறார்கள். தூள் வீட்டில் வறுத்து இடித்தது. குழம்பின் கருஞ்சிவப்பிலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, கண்ணை எடுப்பதில்லை. பல கடைகளில் சுத்தம் என்று சொல்லித் தோண்டி எறிந்துவிடுகிறார்கள். கண்ணைச் சுற்றி இருக்கிற கொழுப்பும் சவ்வும் போனால் தலைக்கறியில் என்ன மிச்சம்? எலும்புதான்.

சாப்பிட்டு முடிய, கோப்பை ஓரத்தில் கடலை அளவில் ஒரு வெள்ளை உருண்டை கிடக்கும். மகள் அதை உருட்டி விளையாடுவாள். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள், கை சும்மா இருக்காது. நகத்தால் கீறினால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும். அதுதான் மீனின் கண்வில்லை. சட்டிக்குள் போகுமுன் கண்ணாடி போல இருந்தது, சூடு பட்டதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துவிட்டது. தண்ணீர் போக மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் புரதம். கிறிஸ்டலின் என்று பெயர். வில்லையின் கலங்கள் வளர்ந்து முதிரும்போது கருவையும், சக்தி தருகிற இழைமணியையும் தொலைத்துவிட்டு, இந்தப் புரதத்தை நெருக்கி நிரப்பிக்கொள்கின்றன. நெருங்கியும் கட்டிபடாமல் இருக்கிறவரைதான் வெளிச்சம் நேராக உள்ளே போகும். என் அம்மாவுக்குக் கண்புரை வந்தபோது இதைத்தான் நினைத்தேன். வில்லையின் நடுவில் இருந்த புரதம் அவர் பிறக்கும் முன்பே உண்டானது, ஒருநாளும் புதுப்பிக்கப்படாதது. எழுபது வருடம் தாங்கியதே பெரிய காரியம்.

சரி, கணவாய்க்கு வருவோம். ஒருநாள் பின்பக்கம் கடைக்கார அக்கா கணவாய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கண்ணை எறியாதீங்க, எனக்குத் தாங்க."

"ஐயோ ரீச்சர், இது சாப்பிடுறதில்ல."

"சாப்பிட இல்ல அக்கா, புள்ளைகளுக்குக் காட்ட."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு பையில் கட்டித் தந்தார். வீட்டில் கழுவி எடுத்தால் சின்னப் பளிங்குக் குண்டு. விரலால் அழுத்த இரண்டு பாதியாகப் பிரிந்தது. கணவாய் வில்லை முன்பாதி பின்பாதியாக ஒட்டி வளர்வது. மகள் ஒரு பாதியைப் புத்தகத்து எழுத்தின் மேல் வைத்துப் பார்த்து "அம்மா, பெருசாத் தெரியுது" என்றாள். அந்தப் பளிங்கில் நிறைந்திருப்பவை, உடம்பில் நஞ்சு முறிக்கிற குளுட்டாதயோன் டிரான்ஸ்பரேஸ் என்ற நொதியத்தின் உறவுக்காரப் புரதங்கள். அந்த நொதியத்தின் பரம்பரை அலகு (மரபணு) பல பிரதிகளாகப் பெருகி, பிரதிகள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தன. போனவற்றில் அநேகமானவை பழைய வேலையை மறந்தே விட்டன.

வாத்து வேறு வழி. அதன் கண்ணில் இருக்கிற ஒரு கிறிஸ்டலின், லக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற சாதாரண நொதியமேதான் என்று 1987இல் கண்டுபிடித்தார்கள். முதலைக் கண்ணிலும் அதே கதை. வாத்தில் பிரதி எடுக்கவில்லை. ஒரே பரம்பரை அலகு இதயத்தில் நொதியமாக உழைக்கிறது, கண்ணில் கூட்டமாக நின்று வெளிச்சத்தை வளைக்கிறது. நன்றாகக் கரையும், நீண்டநாள் கெடாது என்றால் கண்ணுக்கு அது போதும் போல. ஆனால் ஒரு வேலைக்காக அதில் கை வைத்தால் மற்ற வேலை பாதிக்கும்.

இந்தக் கடையிலும் முந்தி அந்தத் தொல்லைதான். சமையலும் அக்கா, காசு வாங்குவதும் அக்கா. மிச்சக்காசு எண்ணுகிற நேரத்தில் கறி அடிப்பிடித்து, தீய்ந்த வாசத்தோடு சாப்பிட்டது இரண்டு தரம். போன வருடம் தங்கச்சியைக் கல்லாவில் இருத்திவிட்டார். தங்கச்சிக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது, ஆனால் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. கணவாய்க் கண் மாதிரி என்று நான் சொன்னதற்கு அக்கா சிரித்தார், தங்கச்சி சிரிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வாளிக்குப் பக்கத்தில் சவர்க்காரம் பாதி நாள் இருக்காது. கணவாய்ப் பிரட்டல் சில நாள் றப்பர் மாதிரி இழுக்கும். அடுப்பில் ஐந்து நிமிடம் கூடிவிட்டால் அப்படித்தான், அதைச் சொல்லியும் பார்த்துவிட்டேன். முருங்கையிலைச் சுண்டலில் தேங்காய்ப்பூ வரவரக் குறைகிறது. தலைக்கறியோடு சோறு 800 ரூபாய், அரைத்தலை கேட்டால் தரமாட்டார்கள்.

ஒரு மணிக்கு முன் போங்கள். போன கிழமை ஒன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன், தலை முடிந்துவிட்டது. வால்துண்டு தந்தார்கள். மகள் உருட்ட ஒன்றும் இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.