வன்பொருள் கடிகாரத்தைத் திருத்தும் பொறுப்பு யாருக்கு?

லினக்ஸ் கணினி ஒன்றுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. மதர்போர்டில் சிறு பேட்டரியின் தயவில் ஓடும் வன்பொருள் கடிகாரமான ஆர்டிசி ஒன்று. மற்றொன்று இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் கணக்கு: 1970 ஜனவரி 1 தொடங்கிக் கழிந்த விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும், கணினியை அணைத்ததும் காணாமல் போய்விடும். இயங்கத் தொடங்கும்போது கெர்னல் ஆர்டிசியை ஒருமுறை படித்துத் தன் நேரத்தை அமைத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டும் தத்தம் போக்கில் போகின்றன.

ஆர்டிசியின் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். அதில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே நாளுக்கு சுமார் 1.7 விநாடியும் மாதத்துக்கு 50 விநாடிக்கு மேலும் விலகிவிடும். வெப்பநிலை மாறினால் விலகும் வேகமும் மாறும். ஆகவே யாராவது இதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குப் போட்டியிடுபவர்கள் மூவர்.

முதலாமவர் பழைய கை: எச்டபிள்யூகிளாக் என்ற கட்டளை. கணினியின் நேரத்தை ஆர்டிசியில் எழுதவும், ஆர்டிசியின் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவரவும் இதனால் முடியும். ஆர்டிசி நாளுக்கு எவ்வளவு விலகுகிறது என்பதைக் கணித்து, அட்ஜ்டைம் என்ற கோப்பில் குறித்துவைத்து, பிறகு அந்த அளவுக்கு ஈடுசெய்யவும் தெரியும். இணையத்தைத் தொடாத கணினிக்கு இது இன்றும் நல்ல வழிதான். ஆனால் பலர் செய்வதுபோல், கணினியை அணைக்கும்போது மட்டும் ஆர்டிசியில் எழுதும்படி அமைத்துவைத்தால், மின்சாரம் திடீரென்று போகும் நாளில் அந்த எழுத்து நடக்காது. தவறான நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இந்தக் கட்டளையை இயக்கினால், தவறு அப்படியே ஆர்டிசிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாமவர் கெர்னலே. இணையம் வழியே நேரம் பெறும் நெறிமுறையான என்டிபி வழியாக நேரம் சரியாகிவிட்டது என்று ஏதாவது ஒரு நிரல் தெரிவித்துவிட்டால் போதும். ஏறத்தாழ 11 நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னல் தானாகவே ஆர்டிசியில் நேரத்தை எழுதும். இணையத்தில் இருக்கும் எந்தக் கணினிக்கும் என் தேர்வு இதுதான். நாம் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. திடீரென்று அணைந்தாலும் இழப்பது சில நிமிடத் திருத்தம் மட்டுமே. ஒரு நிபந்தனை உண்டு: இந்த முறை ஓடும்போது எச்டபிள்யூகிளாக்கின் விலகல் கணக்கை நம்பக்கூடாது. தனக்குத் தெரியாமல் கெர்னல் எழுதிய நேரத்தை அது ஆர்டிசியின் இயல்பான ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் தவறான கணக்கை வைத்துச் சரிசெய்யப் போனால் சரியாக இருந்ததும் கெடும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கெர்னலுக்குச் சேதி சொல்ல எந்த நிரல்? லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வரும் டைம்சின்க்டி எளிமையானது. நேரத்தைக் கேட்டு வாங்கும், பிறருக்குத் தராது. மேசைக் கணினிக்கு அதுவே போதும். என்டிபிடி பழுத்த அனுபவசாலி, ஆனால் முரண்டு பிடிக்கும்: வித்தியாசம் 1,000 விநாடியைத் தாண்டினால், சிறப்பு விருப்பம் கொடுத்திராவிட்டால், வேலையை விட்டே விலகிவிடும். பேட்டரி செத்துப்போய் ஆர்டிசி பல ஆண்டுகள் பின்னால் நிற்கும்போதுதான் அதன் உதவி அதிகம் தேவை என்பது வேடிக்கை. சர்வர்களுக்கும், அடிக்கடி இணைப்பு அறுந்து மீளும் மடிக்கணினிகளுக்கும் குரோனியே சிறந்தது என்பேன். நேரம் தரும் பல சர்வர்களை ஒப்பிட்டுப் பொய் சொல்வதை ஒதுக்கும். தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் ஒரே தாவலில் சரிசெய்து, பிறகு மெல்ல மெல்லத் திருத்தும்படி அமைக்கலாம். ஆர்டிசியைக் கெர்னல் கவனிக்க வேண்டுமானால் குரோனியின் அமைப்புக் கோப்பில் ஆர்டிசிசின்க் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியும் குரோனியிடமே இருக்கிறது. ஆர்டிசிஃபைல் என்ற வரியைக் கொடுத்தால், ஆர்டிசியின் விலகலை அதுவே அளந்து குறித்துவைத்து, அடுத்த முறை கணினி இயங்கும்போது அந்தக் கணக்கோடு நேரத்தை அமைக்கவும் முடியும். எப்போதாவது மட்டும் இணையம் கிடைக்கும் கணினிக்குப் பொருத்தம். ஆனால் இதுவும் ஆர்டிசிசின்க்கும் ஒன்றாக ஓடாது. ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

யார் திருத்தினாலும், ஆர்டிசியில் எந்த நேரம் இருக்க வேண்டும் என்ற தகராறு தனி. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது, லினக்ஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை. இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் நேரம் மணிக்கணக்கில் தாவும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே கட்டளைதான். ஆனால் அதன் பிறகு டைம்சின்க்டி ஆர்டிசியில் எழுதும் வேலையையே நிறுத்திவிடும். கோடைக்கால நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிவைக்கும் கூத்தும் நடக்கலாம். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக்கி, யுடிசிக்கு அதைப் பழக்குவதே மேல்.

ஆர்டிசியே இல்லாத கணினிகளும் உண்டு. ரேஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைகளில் பை 4 வரையிலானவை அப்படித்தான். கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் சேமித்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கும் ஃபேக்-எச்டபிள்யூகிளாக் அங்கே ஒப்பேற்றும். அணைந்து கிடந்த நேரம் மட்டும் கணக்கில் வராது. இணையம் இல்லாத இடத்தில் பலகையை வைக்கப் போகிறீர்கள் என்றால் டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப்பு உள்ள தொகுதியைப் பொருத்துங்கள். 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்குள் நிற்கும். ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே விலகும். பொருத்திய கையோடு ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய நேரிடும்.