ஊர்க் கிணறா, காவிரியா, ஆர்.ஓ.வா? வேலூர் கிராமங்களின் குடிநீர்க் கணக்கு

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் குடிக்கிற தண்ணீர் மூன்று வழியாக வருகிறது. ஊராட்சியின் சொந்தக் கிணறு அல்லது போர், மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், காசு போட்டுப் பிடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர். "எங்க ஊருக்கும் ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வையுங்க" என்ற கோரிக்கைதான் பல இடங்களில் முதலில் எழுகிறது. என்னைக் கேட்டால் அது கடைசியாக எழ வேண்டியது.

காவிரித் தண்ணீர் சுத்திகரித்துக் குளோரின் போட்டு வருகிறது. உப்பும் குறைவு. ஆனால் சேலம், தருமபுரியைத் தாண்டி வர வேண்டிய தண்ணீர் இது. வழியில் மின்சாரம் போனாலோ, குழாய் உடைந்தாலோ கடைசி ஊர்தான் முதலில் காயும். குடிக்கவும் சமைக்கவும் இதை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது ஜல் ஜீவன் திட்டம். அது முழுவதற்கும் இதையே நம்பி ஊர்க் கிணற்றைக் கைவிடுவது ஆபத்து.

ஆர்.ஓ. உப்பை எடுக்கும், ஃபுளோரைடை எடுக்கும். சரி, நம் தண்ணீரில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று யார் பார்த்தார்கள்? இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடுக்கு அதே கணக்கு 1 மில்லிகிராம், 1.5 மில்லிகிராம். இந்த அளவுக்குள் இருக்கிற ஊரில் ஆர்.ஓ. வைத்தால், உறிஞ்சுகிற தண்ணீரில் கணிசமான பங்கு கழிவாகச் சாக்கடைக்குப் போகும். அந்த உப்பு அதே நிலத்தில்தான் இறங்கும். இன்னொன்று, ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இருக்காது. அழுக்குக் குடத்தில் பிடித்து வைத்தால் கிருமி மறுபடி வளரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பாலாற்றங்கரை வேறு கதை. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த பகுதி அது. உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதற்காகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கழிவின் உப்போ குரோமியமோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை, பிளீச்சிங் பவுடரும் உதவாது. அங்கே காவிரி வேண்டும், அது வராத ஊருக்கு ஆர்.ஓ. வேண்டும்.

மற்ற ஊர்களில் என் ஓட்டு சொந்தக் கிணற்றுக்கே. செலவு குறைவு, பழுதானால் சரிசெய்ய ஆள் ஊரிலேயே உண்டு. கோடையில் வற்றுகிறது என்பது நியாயமான குறை. அதற்கும் மருந்து இங்கேயே இருக்கிறது. நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கி அமைத்த, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டுக் கிணறுகளை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரின் பெரிய எதிரி கிருமி. அதை வெல்ல 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அப்படியே கொட்டக் கூடாது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டையைத் திறந்து ஈரத்தில் போட்டு வைத்தால் பவுடரில் வீரியமே இருக்காது. டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு நல்ல பவுடரும் மூடி போட்ட டப்பாவும் வாங்கிக் கொடுக்க ஆகும் செலவு, ஆர்.ஓ. இயந்திரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

போட்டது வேலை செய்கிறதா என்று தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பிடித்துச் சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் பிளான்ட் கேட்பதற்கு முன்னால், நம் ஊர்த் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையும் இந்தக் கடைசிக் குழாய்ச் சோதனையையும் கேளுங்கள்.