தாளைக் கப்பலுக்கு முன் பார்ப்பவர்: பட்டர்வொர்த் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் ஒருவரின் சேவை

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை நடத்தும் எங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுக்கு இருமுறை சரக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளாக அதைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தருபவர், பட்டர்வொர்த்தில் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஏஜெண்ட். விளம்பரம் அவருக்குப் பிடிக்காது. ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2009-இல் பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே நடப்பிலுள்ள ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு)-இந்தியா சரக்கு வணிக ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் உருவான பொருளுக்குச் சலுகை வரி கோரலாம். அதற்கு அங்கிருந்து ‘படிவம் ஏஐ’ என்னும் தோற்றச் சான்றிதழ், அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தாள், வரவேண்டும். (இந்த ஏஐ செயற்கை நுண்ணறிவு அல்ல என்று எங்கள் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தால், மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளுக்குள் உருவானதாக இருக்கவேண்டும், அம்மூலப்பொருளின் ஆறிலக்கச் சுங்க எண்ணிலிருந்து முடிந்த பொருளின் எண்ணும் மாறியிருக்கவேண்டும்.

சிக்கல் எழுவது அந்த எண்ணில்தான். எவர்சில்வர் பாத்திரம் 7323, பித்தளைப் பாத்திரம் 7418, எண்ணெய் விளக்கு 9405, சாமி சிலையும் மணியும் 8306 என்று ஒரே பெட்டிக்குள் நான்கு தலைப்புகள் (சுங்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள்) இருக்கும். முன்பு நாங்கள் அமர்த்தியிருந்த வேறொரு ஏஜெண்ட், விற்பவர் ‘பாத்திரங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிய இன்வாய்ஸை அப்படியே 7323-இல் அறிவித்துவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு விளக்குகளுக்கும் சிலைகளுக்கும் சலுகைக் கோரிக்கை எடுபடவில்லை. வழக்கமான வரியைக் கட்டி எடுத்தபோது தீபாவளிக்கு நான்கு நாள்களே இருந்தன.

இப்போதுள்ளவர் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே இன்வாய்ஸின் நகலையும் ஒவ்வொரு பொருளின் படத்தையும் கேட்டு வாங்கி, எண்களைப் பிரித்து எழுதி, சான்றிதழிலும் அவையே இருக்கும்படி விற்பவரிடம் பேசிவிடுகிறார். சரக்கு கொழும்பில் கப்பல் மாறினால், முழுப் பயணத்துக்கும் ஒரே கப்பல் பத்திரம் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) இருக்கிறதா என்றும் பார்க்கிறார். சான்றிதழ் தாமதமானால் ஏற்றுமதியான 12 மாதத்துக்குள் ‘பின்னர் வழங்கப்பட்டது’ என்ற குறிப்போடு வாங்க விதியில் இடமுண்டு. ஆனால் அதை அவர் சோம்பேறிகளின் வழி என்கிறார்.

இந்த ஒப்பந்தத்தையே ஆசியானும் இந்தியாவும் மறுபரிசீலனை செய்துவருவது கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதற்கான கூட்டுக் குழுவுக்கு இந்தியாவும் மலேசியாவும் இணைந்து தலைமை வகிக்கின்றன. 2024 மே மாதம் புத்ராஜெயாவிலும் கூடிப் பேசினார்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே தோற்ற விதி என்ற நிலை மாறி, பொருளுக்கேற்ற விதிகள் வருவதும் பேச்சில் இருக்கிறது. வரி குறையுமா என்று கேட்டேன். “அண்ணே, பேச்சுவார்த்தையை நம்பி விலை போடாதீங்க, கையில இருக்கிற அட்டவணையைப் பார்த்துப் போடுங்க” என்றார். அந்த நிதானத்துக்காகவே கூடுதல் கட்டணம் கொடுக்கலாம்.

கட்டணம் உண்மையிலேயே கூடுதல்தான். அதைவிட உறுத்துவது, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் கொள்கலனுக்கான கிடங்குச் செலவை முன்கூட்டிச் சொல்லாமல், கடைசியில் ‘இதர செலவு’ என்று ஒற்றை வரியில் பில்லில் சேர்ப்பது. அடுத்த சரக்குக்கு அதைப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அதுவரை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.