என்விசியின் ஐ-864 பரிசீலனை: வேலையில்லாத ஸ்பான்சருக்கு 120 டாலரில் என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளப் போட்ட ஐ-130 மனு தேறியதும், கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். என்விசி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அங்கே இரண்டு கட்டணங்கள் கட்ட வேண்டும். குடியேற்ற விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஸ்பான்சர், அதாவது மனுப்போட்டு அழைப்பவர், ஐ-864 படிவத்தில் தரும் நிதி உறுதிமொழியைப் பரிசீலிக்க 120 டாலர். வேலையில் இருப்பவருக்கு இந்த நிதி உறுதிமொழி, வரித்துறை தரும் தாக்கல் சுருக்கமான டிரான்ஸ்கிரிப்டோடும் நான்கைந்து சம்பளச் சீட்டுகளோடும் முடிந்துவிடும். வேலை போன நேரத்தில் இதைக் கடக்கிறவர்தான் இந்தச் சேவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீயாக் என்ற விசா விண்ணப்ப இணையதளத்தில் நீங்கள் ஏற்றிய ஐ-864 படிவத்தில் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா, கையெழுத்து இருக்கிறதா, வரி ஆவணம் சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் எது குறை என்று தகவல் வரும். திருத்தி மறுபடி ஏற்றலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பிறகு ஒரு ஜாயின்ட் ஸ்பான்சரை, அதாவது உங்கள் வருமானம் போதாதபோது தன் வருமானத்தைக் காட்டித் தனி உறுதிமொழி தரும் இன்னொருவரைச் சேர்த்தாலும் இன்னொரு 120 டாலர் கேட்கமாட்டார்கள். இது நல்ல ஏற்பாடு.

ஆனால் உங்களிடம் இருக்கும் பணம் போதுமா என்ற தீர்ப்பு இங்கே கிடைக்காது. அதைச் சொல்கிறவர் நேர்காணல் எடுக்கும் தூதரக அதிகாரி. ஆவணங்கள் முழுமை என்று என்விசியிலிருந்து மின்னஞ்சல் வந்ததும் பணப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'என் சேமிப்பு போதுமா, ஊரில் இருக்கும் மனையைக் காட்டலாமா' என்று எழுதிக் கேட்டாலும் நேரான பதில் வராது. வேலையில்லாதவருக்கு மிக அவசியமான கேள்வி அதுதான். இந்தச் சேவையின் பெரிய குறையும் அதுவே. ஆகவே என்விசி குமாஸ்தாவை மனதில் வைத்து நிரப்பாதீர்கள். நேர்காணல் மேசையில் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்க்கப்போகும் அதிகாரிக்காக நிரப்புங்கள்.

படிவத்தைப் பொறுத்தவரை, வேலையில்லாதவரை அது ஒதுக்கவில்லை. ஆறாம் பகுதியில் 'இந்தத் தேதி முதல் வேலையில்லை' என்று எழுதவே ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டு பயந்து 'சுயதொழில்' என்று குறிக்கிறவர்கள் உண்டு. அப்படிக் குறித்தால் வரித் தாக்கலில் சுயதொழிலின் லாப நட்டத்தைக் காட்டும் ஷெட்யூல் சி கேட்பார்கள். அதில் லாபம் இல்லையென்றால் உள்ளதும் போகும். வேலை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். நடப்பு ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் சுழியம் போடுவது குற்றமில்லை. எவ்வளவு குறைந்தாலும் மனுதாரர் ஐ-864 கொடுத்தே ஆக வேண்டும். ஜாயின்ட் ஸ்பான்சர் இருக்கிறாரே என்று மனுதாரரின் படிவத்தை விட்டுவிட்டால் கோப்பு நகராது. ஐ-864இஇசட் என்ற சுருக்கப் படிவம் சம்பளமோ ஓய்வூதியமோ மட்டும் காட்டுகிறவர்களுக்கானது, இங்கே உதவாது. ஐ-134 வேறு வகை விசாக்களுக்கு.

இனி எவ்வளவு தேவை என்பது. கூட்டாட்சி வறுமைக் கோட்டில் 125 சதவீதம். ராணுவத்தில் பணியில் இருப்பவர் துணையையோ பிள்ளையையோ அழைத்தால் மட்டும் 100 சதவீதம். 2025 அட்டவணைப்படி, அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த மாநிலங்களில், இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187. இந்த எண்கள் ஆண்டுதோறும் மாறும். படிவம் போடுகிற அன்று நடப்பில் இருக்கும் ஐ-864பி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

தலைகளை எண்ணுவதில் நடக்கும் பிழை ஏராளம். வரப்போகிற துணையைக் 'குடியேறுபவர்' என்று ஒரு முறையும் 'என் மனைவி' என்று இன்னொரு முறையும் எண்ணிவிடுகிறார்கள். குழந்தை இல்லாத தம்பதி மூன்று பேர் குடும்பமாகி, தேவை ஏறத்தாழ ஏழாயிரம் டாலர் கூடிவிடும். எதிர்த்திசையிலும் பிழை உண்டு. முன்பு யாருக்காவது ஐ-864 போட்டுக் கொடுத்து அந்தக் கடப்பாடு இன்னும் முடியாமல் இருந்தால் அவரையும் எண்ண வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

போன ஆண்டு வரித் தாக்கலில் 90,000 டாலர் இருக்கிறதே, அது போதாதா? போதாது. அதிகாரி பார்ப்பது இப்போதைய வருமானம். வரித் தாக்கல் அதற்குத் துணைச் சான்றுதான். வேலையின்மை உதவித்தொகை வரிக்குட்பட்ட வருமானம் என்பதால் கணக்கில் வரும். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அது அதிகபட்சம் 26 வாரம் என்பது அதிகாரிக்கும் தெரியும். உணவு உதவி, மெடிக்கெய்ட், எஸ்எஸ்ஐ போன்ற வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவிகளை வருமானமாகக் காட்டவே கூடாது. படிவத்தில் கேட்கும் மொத்த வருமானம், வருமான வரித் தாக்கலுக்கான 1040 படிவத்தின் 9-ஆம் வரியில் இருப்பது. 11-ஆம் வரியில் இருக்கும் கழிவு போன தொகையை எழுதித் தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கொடுத்தால் அந்த ஆண்டுக்கு டபிள்யூ-2 என்ற, முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று தேவையில்லை. வருமானம் குறைவு என்பதால் தாக்கல் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தால், அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஏற்றுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

சொத்து வழியில் கணக்கு எளிது. குடிமகன் தன் துணையை அழைத்தால், தேவையான தொகைக்கும் வருமானத்துக்கும் உள்ள பற்றாக்குறையின் மூன்று மடங்கு நிகரச் சொத்து வேண்டும். கிரீன் கார்டுக்காரர் அழைத்தால் ஐந்து மடங்கு. வருமானமே இல்லாத குடிமகன் இரண்டு பேர் குடும்பத்துக்கு 79,311 டாலர் காட்ட வேண்டும், கிரீன் கார்டுக்காரர் 1,32,185. ஆண்டுக்கு 12,000 டாலர் வாடகை வருமானம் இருக்கும் குடிமகனுக்குப் பற்றாக்குறை 14,437, மூன்று மடங்கு 43,311. சிறிய வருமானம்கூட எவ்வளவு பாரத்தைக் குறைக்கிறது என்று பாருங்கள்.

எல்லாச் சொத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஓராண்டுக்குள் பணமாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. வங்கிச் சேமிப்பும் வைப்புத்தொகையும் கேள்வியில்லாமல் நிற்கும். 12 மாத ஸ்டேட்மென்ட் வேண்டும். அதில் போன வாரம் திடீரென்று எண்பதாயிரம் டாலர் வந்து விழுந்திருந்தால் கேள்வி வராமல் இருக்காது. அப்பா கொடுத்தது என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதமும், அவர் கணக்கிலிருந்து பணம் வந்த தடமும் சேர்ந்திருக்கட்டும். 401கே என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் உங்களுக்கு முழு உரிமையான தொகையை மட்டும் எழுதுங்கள், அதன்மேல் எடுத்த கடனைக் கழித்து. வீட்டைக் காட்டலாம், மதிப்பீட்டிலிருந்து அடமானக் கடனைக் கழித்த மீதிதான் கணக்கு. கார் ஒன்றே ஒன்று என்றால் காட்ட முடியாது, இரண்டாவது கார் இருந்தால்தான் அதன் மதிப்பு சேரும்.

வரப்போகிற துணையின் சொத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் ஆட்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் மனையும் வீடும் ஊரில்தான் இருக்கும். காட்டலாம். ஆனால் பட்டா நகலை மட்டும் ஏற்றி முடித்துவிட முடியாது. பத்திரம், வில்லங்கச் சான்று, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அதன் விவரம், தமிழில் இருப்பவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஒரு கட்டாகப் போக வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அறிக்கையிலேயே விளக்கம் இருக்கட்டும். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு மட்டும்தான், அதுவும் அண்ணன் தம்பி சம்மதம் இல்லாமல் ஓராண்டுக்குள் விற்க முடியுமா என்ற கேள்வி எழும். விற்ற பணம் அமெரிக்காவுக்கு வந்துசேரும் என்பதையும் காட்ட வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர், இந்தியாவில் வரும் பணத்தை வைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். இந்த இரண்டு வரியை முகப்புக் கடிதத்தில் எழுதினால் அதிகாரியின் அடுத்த கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொன்னதாகும். என் கருத்து: ஊர்ச் சொத்தை மட்டும் நம்பி நேர்காணலுக்குப் போகாதீர்கள், வேறொன்றுக்குத் துணையாக வையுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், வயது வந்த பிள்ளை என்று ஒரே கூரையின் கீழ் வாழும் உறவினர் சம்பாதித்தால் அவர் ஐ-864ஏ போட்டுத் தன் வருமானத்தை உங்களோடு கூட்டலாம். இங்கே கூட்டல் உண்டு. ஜாயின்ட் ஸ்பான்சரிடம் கூட்டல் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மனுதாரரின் 12,000, நண்பரின் 20,000, ஆக 32,000 என்று போட்டுக்கொண்டு வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். ஜாயின்ட் ஸ்பான்சர் தனியாகவே, தன் குடும்பத்தையும் வரப்போகிறவரையும் சேர்த்த எண்ணிக்கைக்கு முழு அளவை எட்ட வேண்டும். நான்கு பேர் குடும்பம் நடத்துகிறவர் ஐந்து பேருக்குக் கணக்குப் போட வேண்டும். 2025-க்கு அது 47,062 டாலர். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பி, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால் போதும். எச்-1பி விசாவில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் தகுதி இல்லை, நண்பர் வட்டத்தில் முதலில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன. வேலையில்லாதவருக்கு இருக்கும் வழிகளில் இதுவே வலுவானது. ஆள் கிடைத்தால் நேர்காணல் வரை காத்திருக்காமல் முதலிலேயே ஏற்றிவிடுங்கள்.

மனுதாரரே இப்போது சென்னையிலோ கொழும்பிலோ துணையோடு வாழ்ந்துகொண்டிருந்தால் இன்னொரு தடை: அமெரிக்காவில் வசிப்பிடம். இந்திய வேலையின் சம்பளம் அங்கே போனதும் நின்றுவிடும் என்றால் அது கணக்கில் வராது. திரும்பப் போகிறோம் என்பதற்கு வீட்டு ஒப்பந்தம், வேலை விண்ணப்பங்கள், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றைக் காட்டலாம்.

நேர்காணலில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் விசாவை நிறுத்திவைத்துக் குறையைத் தெரிவிக்கும் 221(ஜி) தாள் கொடுத்து ஜாயின்ட் ஸ்பான்சரைக் கேட்கலாம். பதற வேண்டாம், கேட்டதைக் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு, மறுபடி கட்டணமும் இல்லை. சட்டப்படி அவர் வயது, உடல்நலம், குடும்ப நிலை, சொத்து, படிப்பு, திறன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். எனவே வரப்போகிறவரின் பட்டச் சான்றிதழும் அனுபவக் கடிதமும் கையில் இருக்கட்டும். அவருக்கு அமெரிக்காவில் வேலை தருவதாக யாரேனும் கொடுத்த கடிதம் மட்டும் வருமானமாகாது.

யாரையாவது ஜாயின்ட் ஸ்பான்சராகக் கேட்பதற்கு முன் அவரிடம் முழுதும் சொல்லிவிடுங்கள். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று சொல்லிக் கேட்பது நியாயமில்லை. ஐ-864 சட்டப்படி ஓர் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது கிரீன் கார்டு நிலையை இழந்து நாட்டைவிட்டே போகும் வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரை அது நிற்கும். தம்பதி விவாகரத்து செய்துகொண்டாலும் அவர் போட்ட கையெழுத்து விடுபடாது. வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் முகவரி மாற்றத்தையும் அவர் தெரிவிக்க வேண்டும்.