கியரா, பெல்ட்டா, நேரடி மோட்டாரா: எந்த ஸ்டியரிங் வாங்கலாம்?

ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வரும் பையன்களில் இரண்டு பேராவது என்னிடம் இதே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணே, கேமுக்கு எந்த ஸ்டியரிங் எடுக்கலாம்?" என்னிடம் இருப்பது லொஜிடெக் ஜி29. மச்சான் வைத்திருப்பது திரஸ்ட்மாஸ்டர் டி300. பண்டாரவளையில் இருக்கும் நண்பன் மோசா ஆர்5 வாங்கிவிட்டான். மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

போர்ஸ் ஃபீட்பேக் (டயரின் இழுப்பை மோட்டார் மூலம் கைக்கு உணர்த்தும் வசதி) இல்லாத, 270 பாகை மட்டும் திரும்பும் மலிவு ஸ்டியரிங்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உள்ளே இருப்பது ஸ்பிரிங். டயர் வழுக்கினாலும் வழுக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான் இழுக்கும். ரம்பொடை வளைவில் பஸ்காரர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறார் என்று பார்த்தவர்களுக்கு முக்கால் சுற்றோடு முடிந்துபோகும் ஸ்டியரிங் விளையாட்டுச் சாமான்தான்.

ஜி29 இரண்டரைச் சுற்று, அதாவது 900 பாகை திரும்பும். மோட்டாரின் விசையைப் பல்சக்கரங்கள் கைக்குக் கொண்டுவருகின்றன. உச்ச விசை 2.2 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அளவு) அளவில்தான். பல்சக்கரம் என்றால் சத்தமும் கூடவே வரும். கரடுமுரடான பாதையில் கடகடவென்று அடிக்கும். லயத்து வீட்டில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆச்சி ஒருநாள் காலையில் கேட்டார்: "என்னா தம்பி, ராத்திரியெல்லாம் தையல் மெஷின் ஓட்டுறீங்களா?"

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலைப் பாதைக்குப் பெரிய குறை வேறு. கொண்டை ஊசி வளைவை மெதுவாகத்தான் எடுக்கிறோம். அந்த வேகத்தில் கைக்கு வரும் விசையும் சிறியது. முன்டயர் பிடியை இழக்கும்போது ஸ்டியரிங் லேசாகும். அந்தச் சின்ன மாற்றம் பல்சக்கர உராய்வுக்குள் பாதி தொலைந்துவிடுகிறது. நடுப்பகுதியில் கொஞ்சம் 'செத்த இடம்', அதாவது திருப்பினாலும் கைக்கு விசை எதுவும் தெரியாத பகுதி, இருப்பதும் தெரியும்.

டி300 இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. பெல்ட்டில் ஓடுவதால் வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது. மூன்று முழுச் சுற்று, 1080 பாகை. டயர் நழுவப் போவது ஜி29ஐ விட முன்னதாகவே கைக்குத் தெரிகிறது. நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகி, விசிறி சுழலத் தொடங்கும். நம் ஊர்க் குளிர் அதற்கு நல்லதுதான் என்று மச்சான் சொல்வான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனால் சாதாரணப் பெட்டியில் பெடல் இரண்டுதான், கிளச் கிடையாது. மூன்று பெடலோடு வரும் ஜிடி பதிப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

கிளச் எதற்கு என்று கேட்பவர்கள் யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் பாரம் ஏற்றிய லொறியைச் சரிவில் இறக்கிப் பார்க்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், கியரைக் குறைத்து என்ஜினால் பிடிப்பதுதான் சுவை. ஜி29க்குத் தனியாக விற்கும் கியர் ஷிஃப்டரை மேசையின் இடப்பக்கமும் மாட்டலாம். நமக்கு இடது கைதான் கியர் கை. வலப்பக்கம் மாட்டிப் பழகிவிட்டு நிஜ வண்டியில் ஏறினால் கை கதவைத் தடவும்.

ஆர்5 வேறு சாதி. நடுவில் பெல்ட்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. மோட்டார் அச்சிலேயே ஸ்டியரிங் உட்காருகிறது. விசை 5.5 நியூட்டன் மீட்டர். அசெட்டோ கோர்ஸா என்ற கார் ரேஸ் கேமில் ஒரு மலைப்பாதையை இதில் ஓட்டிய பிறகு என்னுடையதைத் தொடவே இரண்டு நாள் மனம் வரவில்லை. ஆனால் இது கணினிக்கு மட்டும்தான். பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. அப்புறம், மேசை! நண்பனின் பிளைவுட் மேசை முதல் வாரமே விளிம்பில் பிளந்தது. ஸ்டியரிங் விலையோடு நல்ல பலகை மேசையின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். சில்லு வைத்த கதிரையும் ஆகாது. பிரேக்கை அழுத்தினால் ஆள்தான் பின்னால் போவார்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் ஜி29ஐயும் எக்ஸ்பொக்ஸ்காரர்கள் அதே லொஜிடெக்கின் ஜி920ஐயும் பார்க்க வேண்டும். உள்ளே ஏறத்தாழ ஒரே இயந்திரம்தான். ஆனால் ஒன்றின் கன்சோலில் மற்றது ஓடாது.

பழையதாக எடுப்பதானால் பெடலைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். நான் ஏமாந்தது அதில்தான். விற்றவர் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார், நானும் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் வைக்காமலே பிரேக் பிடிக்கிறது. ஜி29 பெடலுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது எவ்வளவு மிதித்தோம் என்பதை அளக்கும் சிறு மின்பாகம். தூசியும் ஈரமும் ஏறினால் கண்டபடி சமிக்ஞை அனுப்பும். மிஸ்ட் இறங்கும் ஊரில் இது அடிக்கடி வரும் வியாதி. கொன்டாக்ட் கிளீனர் (மின்பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்துத் துடைத்தேன், சரியாகிவிட்டது.

லொறி, பஸ் ஓட்டும் ஆசையென்றால் பழைய ஜி29ஐ ஷிஃப்டரோடு எடுங்கள். நான் அதோடுதான் இருக்கிறேன். கணினியில் ரேஸ் மட்டும்தான் என்றால் பெல்ட்டுக்குப் போக வேண்டாம், இன்னும் ஆறு மாதம் சீட்டுக் கட்டி நேரடி மோட்டாருக்கே போய்விடுங்கள். டி300 எனக்குப் பிடித்த ஸ்டியரிங்தான். ஆனால் மச்சான் பாதி விலைக்குத் தந்தால்தான் எடுப்பேன்.